பொம்மியின் பித்தம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனை வைத்தது நான்தான். சிக்னல் போய்விட்டது என்று பிறகு உன் அப்பா உன்னிடம் சொன்னாராமே, அது சுத்தப் பொய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ கேட்டதும் தெளிவாகத்தான் காதில் விழுந்தது. "எம்மா, பொம்மி போயிட்டான்னா அவ சிறுகுடல்ல கடைசித் துண்டு கொஞ்சம் எனக்கு வேணும்மா" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள், "உசுரு போன கொஞ்ச நேரத்துக்குள்ள எடுத்துடணும், லேட்டானா வீணாயிடும். அங்க என் ஃப்ரெண்டு ஒருத்தரு டாக்டரா இருக்காரு, அவரே வந்து எடுத்துக்குவாரு. ஐஸ் பெட்டியில வச்சு பஸ்ஸுல போட்டுட்டா நான் கிளாம்பாக்கத்துல வாங்கிக்கறேன்" என்று மடமடவென்று சொல்லி முடித்தாய். அந்த நேரம் பொம்மி வாலைச் சுருட்டிக்கொண்டு, என் பாதத்தின் மேல் தாடையை வைத்துக் கண்ணயர்ந்திருந்தாள். கூடவே வளர்ந்த பிள்ளை குடலைப் பார்சலில் கேட்கிறான், அவள் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனை வைத்ததோடு நிறுத்தினேனே என்று நீ சந்தோஷப்பட வேண்டும்.

இப்போது மத்தியானம். இன்று மாதாந்திர மின்தடை, கம்பெனியில் அரை நாளோடு அனுப்பிவிட்டார்கள். ஆடிக் காற்று சும்மா சுழற்றி அடிக்கிறது. தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வெள்ளைத் தூசியைக் கொண்டுவந்து வேப்பிலையின் மேலும், கொடியில் காயும் அப்பாவின் காக்கிச் சட்டையின் மேலும் மெல்லப் பூசிக்கொண்டிருக்கிறது. ஃபேன் ஓடாத வீட்டில் ஒரு அமைதி இருக்கிறது பார், கண்ணை மூடினால் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று நமக்கே தெரியாது. பொம்மி வாசல் நிழலில் படுத்துத் தூக்கத்திலேயே ஓடுகிறாள். நாலு காலும் அசைகின்றன. எதைத் துரத்துகிறாளோ, யாரோடு ஓடுகிறாளோ. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிச் சொல்லியே நழுவிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு இன்று டூட்டி இல்லை. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவார். நடுவில் எதையும் தள்ளிவிட்டுப் படிக்காதே.

அவள் நம்மிடம் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நேராக என் பீங்கான் கம்பெனிக்கு வந்துவிடுவாய். ஒரு கொட்டகையில் கரண்டு பெட்டிக்கு மாட்டும் பீஸ் கட்டை அழுத்துவார்கள், பக்கத்துக் கொட்டகையில் பொம்மை வார்ப்பார்கள். அந்த மார்கழியில் சூளைச் சுவரோரம் சூட்டுக்கு ஒண்டிக்கொண்டிருந்த ஒரு நாய்க்குட்டி, எப்படித்தான் ஏறியதோ, பொம்மை வார்க்கும் களிமண் கூழ்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. தூக்கி எடுத்தபோது கண் இரண்டும் தவிர மற்றதெல்லாம் வெள்ளை. என்னோடு வேலை செய்யும் நூர்ஜஹான், "யக்கா, இப்பதான் அச்சுலேர்ந்து எடுத்த மாதிரி இருக்குதுக்கா, அப்புடியே சூளையில வச்சிடலாமா?" என்று சிரித்தாள். நிஜமாகவே வைத்துவிடுவோம் என்று நினைத்து நீ ஓவென்று அழுதாய். வீட்டுக்குத் தூக்கி வந்து கழுவினால் உள்ளே செவலை நிறம் இருந்தது. ஆனாலும் பொம்மை என்ற பேர் ஒட்டிக்கொண்டு, உன் வாயில் பொம்மியாகிவிட்டது.

அவளுக்கு வயிற்றுக் கோளாறு தொடங்கியது நீ காலேஜுக்குப் போன பிறகுதான். விடிந்ததும் மஞ்சள் நுரையாக ஒரு வாந்தி எடுப்பாள். உன் அப்பா பார்த்துவிட்டு, "பித்தம் ஏறிடுச்சு புள்ள இதுக்கு" என்றார். நம் வீட்டில் எதுதான் பித்தம் இல்லை? வாய் கசந்தால் பித்தம், தலை சுற்றினால் பித்தம், காலில் வெடித்தால் பித்தம், இளவயதில் முடி நரைத்தால் பித்தம். மனிதர்களை விட்டுவிட்டு மாட்டுக்கும் நாய்க்கும்தான் வைத்தியம் படிப்பேன் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாயே, அப்போதும் "பையனுக்குப் பித்தம் தலைக்கேறிப் போச்சு" என்றுதான் சொன்னார். அந்த நியாயத்தின்படி எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, பொம்மியைப் பிடித்து வைத்து, உச்சந்தலையில் பரபரவென்று தேய்த்துக் குளிப்பாட்டினார். அவள் உதறிக்கொண்டு ஓடி, தெருப் புழுதியில் புரண்டு, மறுபடியும் வெள்ளைப் பொம்மையாகத் திரும்பி வந்தாள். நீ போனில் குதித்தாய். "எப்பா, பித்தம் தலையில இல்லப்பா, ஈரல்ல இருக்குது!" அதற்கு அவர் கேட்டார், "ஈரல்ல எப்புடிடா எலுமிச்சம்பழம் தேய்க்கிறது?" இதை இன்றைக்கும் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்கிறார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிக்கிறார்.

பிறகு பேதியும் சேர்ந்துகொண்டது. ஒரு லீவுக்கு வந்திருந்தபோது நீயே ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாய். பேதி அன்றைக்கே நின்றது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நம் பிள்ளை எழுதிய மாத்திரை கேட்டது! தெருவில் ஒருத்தி ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள், இன்னொருவர் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் பொம்மிக்கு வயிறு இளகும்போதெல்லாம் அப்பா மெடிக்கலுக்குப் போய் "தம்பி எழுதின மாத்திரை" என்று வாங்கி வந்துவிடுவார். உன்னிடம் கேட்டாலும், "அதையே குடுங்கப்பா" என்பாய். கேட்டது, நின்றது. மறுபடி வந்தது, மறுபடி கேட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பது குறைந்தது. அவள் இடுப்பெலும்பு தெரிய ஆரம்பித்தபோது, வயதாகிறது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இந்தப் பொங்கலுக்கு நீ வந்தாய். கேட்டைத் திறந்ததும் அவள் வாலாட்டிக்கொண்டு வந்தாள், நீ அவள் விலாவைத் தடவிப் பார்த்தாய், அதோடு உன் முகம் மாறிவிட்டது. மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம், ஊரே உண்ட மயக்கத்தில் கிடந்தபோது, நான் மீன் சட்டியைக் கழுவிக்கொண்டே, உன் ஆராய்ச்சிதான் என்ன, எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்றேன். பித்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மீன் ஆயும்போது பித்தப்பை உடைந்துவிட்டால் குழம்பு முழுக்கக் கசந்துவிடும் என்பதுதான். நீ சிரித்தாய். "அந்தக் கசப்புதாம்மா ஆளு" என்றாய். சாப்பிட்டவுடன் பித்தப்பை சுருங்கி அந்தக் கசப்பைக் குடலுக்குள் விடுமாம், அது கொழுப்பைக் கரைக்குமாம், வேலை முடிந்ததும் வீணாகப் போகாமல் சிறுகுடலின் கடைசியில் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டு மறுபடி ஈரலுக்கே போய்ச் சேருமாம். மணிமுத்தாற்றில் விட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான், எனக்கு அது ஒன்றும் ஆச்சரியமாக இல்லை. ஆச்சரியம் அதற்கடுத்து நீ சொன்னது.

"அது போற வழியெல்லாம் சேதி சொல்லிக்கிட்டே போவுதும்மா. பித்த அமிலம்னு பேரு. அதைக் கேக்கறதுக்குன்னே குடல்ல ரிசப்டருங்க இருக்குது. உங்க பீஸ் கட்டையில மேல மாட்டுற கேரியர் கச்சிதமா போய் உக்காரும் இல்ல, அந்த மாதிரி அது போய் உக்காரும். உக்காந்தா ஒரு ரிசப்டரு ஈரலுக்கு, 'போதும், இப்போதைக்குப் புதுசா சுரக்காத'ன்னு சொல்லி அனுப்பும். இன்னொண்ணு குடல்ல காவலுக்கு நிக்கிற அணுக்களை, 'சும்மா சும்மா சண்டைக்கு நிக்காத, அடங்கு'ன்னு சொல்லும். நாய்க்கும் அப்புடித்தான், நமக்கும் அப்புடித்தான்." தமிழில் அதற்கு என்னடா பேர் என்று கேட்டேன். ஏற்பி என்றாய். எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போனது. இவ்வளவு கசப்பான ஒன்றை ஏற்றுக்கொள்வதற்கென்றே உடம்புக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், பார். குடலில் நல்ல கிருமிகள் இருக்கின்றன, பித்த அமிலத்தின் ஒரு பங்கை அவைதான் வேறு விதமாக மாற்றித் தருகின்றன, அந்த மாற்றிய சேதிதான் சில ஏற்பிகளுக்கு நன்றாகக் கேட்கும் என்றாய். அப்புறம் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "சில மாத்திரைங்க அந்த நல்ல கிருமியவும் சேத்துக் கொன்னுடும்மா. சில நாய்ங்களுக்கு அது திரும்பி வரவே ரொம்ப நாளாவும்" என்றாய். எந்த நாய் என்று சொல்லவில்லை. காணும் பொங்கலுக்குக்கூட நிற்காமல் அன்று சாயங்காலமே ரயிலேறிப் போனாய்.

அதற்கப்புறம் நீ இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சித்திரையில் லேப் வேலை, வைகாசியில் தீசிஸ், ஆனியில் காய்ச்சல். நானும் நம்பினேன். எனக்கு மட்டும் ஒரு கனவு அடிக்கடி வந்துகொண்டிருந்தது, அதுவும் இந்த மாதிரி மத்தியானத் தூக்கத்தில். நீளமான ஒரு குகைக்குள் நடக்கிறேன். சூளையை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் முகத்தில் ஒரு கதகதப்பு அடிக்குமே, அந்தக் கதகதப்பு. சுவரெல்லாம் ரோஜா நிறம், தொட்டால் மெத்தென்று இருக்கிறது. இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகச் சின்னச் சின்னக் காதுகள், சுடாத மண்ணில் செய்த மாதிரி மெல்லிசாக. மஞ்சள் தண்ணீர் கணுக்காலை நனைத்துக்கொண்டு ஓடுகிறது. அது தொட்டுப் போகும் இடமெல்லாம் காதுகள் அசைய வேண்டும், ஆனால் அசையவில்லை. நான் "பொம்மி" என்று கூப்பிடுகிறேன். ஒன்றும் இல்லை. மறுபடி கூப்பிடுகிறேன். ஒன்றும் இல்லை. அப்புறம் என்ன தோன்றியதோ, உன் பேரைச் சொல்கிறேன். அத்தனை காதும் என் பக்கம் திரும்புகின்றன. விழித்துப் பார்த்தால் தலையணை நனைந்திருக்கிறது, வேர்வையா கண்ணீரா தெரியவில்லை. எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன்.

இந்த லட்சணத்தில்தான் நீ ஞாயிற்றுக்கிழமை பார்சல் கேட்டாய். நான் போனை வைத்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "கேட்டீங்களா உங்க புள்ள கேட்டதை? நாயை அறுத்து பஸ்ஸுல போட்டு அனுப்பணுமாம்!" அவர், "எத்தினியோ பார்சல் ஏத்தி அனுப்பியிருக்கேன் புள்ள. மீனு, கோழிக்குஞ்சு, கல்யாணப் பத்திரிக்கை, ஒருத்தரு மறந்துட்டுப் போன பல்செட்டுகூட அனுப்பியிருக்கேன். பொம்மிய ஏத்த மாட்டேன்" என்றார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதற்குள், "ஆனா அவன் கேட்டது தப்பில்ல" என்றார். வந்ததே எனக்குக் கோபம். "அப்ப நீங்களே அறுத்துக் குடுங்க" என்று கத்திவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்புறம் நேற்று வரைக்கும் இந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பொம்மிக்குக் கஞ்சி வைக்கும்போது மட்டும் அவளிடம் இரண்டு பேரும் தனித்தனியாகப் பேசிக்கொண்டோம்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். சூளையிலிருந்து வந்த சரக்கில் கீறல் விட்டதை உடைத்துப் பார்த்துப் பயனில்லை, அதுதான் தன் கதையைத் தானே சொல்லிவிட்டதே. பளபளவென்று குறையில்லாமல் இருப்பதில் ஒன்றை எடுத்துத்தான் சுத்தியால் உடைப்பேன். உடைந்த இடத்தில் ஒரு சொட்டு மை விட்டு, கொஞ்சம் பொறுத்துக் கழுவுவேன். மை போய்விட்டால் உள்ளே நன்றாக வெந்திருக்கிறது. மை உள்ளே இறங்கி நின்றால் வேகவில்லை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் அதை அழுத்தியவர்களின் குறி இருக்கும், ஒருத்திக்கு நட்சத்திரம், ஒருத்திக்கு மீன், நூர்ஜஹானுக்குப் பிறை. எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. உடைத்து, மை விட்டு, கழுவிப் பார்த்த பிறகுதான் துண்டைத் திருப்பிக் குறியைப் பார்க்க வேண்டும். முதலிலேயே குறியைப் பார்த்துவிட்டால் கண் ஏமாற்றும். பிடிக்காதவள் குறி என்றால் இறங்காத மையும் இறங்கின மாதிரி தெரியும்.

நேற்று அப்படித்தான் ஒரு கட்டையை வைத்துச் சுத்தியை ஓங்கினேன். ஓங்கின கை அப்படியே நின்றுவிட்டது. "என்னாக்கா, கை பிடிச்சிக்கிச்சா?" என்றாள் நூர்ஜஹான். எனக்கு அப்போதுதான் புரிந்தது தம்பி. நீ பொம்மியை உடைத்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே குறியைப் பார்த்துவிட்டாய். உன் குறியையே பார்த்துவிட்டாய். அந்த மாத்திரையால்தான் அவள் குடலில் சேதி நின்றுபோனதா, காது செவிடானதா, இதை நாம்தான் செய்தோமா, அதுதானே உனக்குத் தெரிய வேண்டும்? அதனால்தானே சித்திரையும் வைகாசியும் வேலையாகிப் போனது? அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தானே அவளைப் பெட்டியில் வரச் சொல்கிறாய்? அடப்பாவி, இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நூர்ஜஹானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மங்கலம்பேட்டையில் அவள் மாமனார் இறந்துபோனபோது அவள் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். கடைசி நேரம் முழுக்க வீடியோவில் பார்த்துக்கொண்டே இருந்தாராம். "எல்லாத்தையும் பாத்தாருக்கா. ஒண்ணு விடாம பாத்தாரு. ஆனா இன்னி வரைக்கும், 'எங்கப்பா கை சூடா இருந்துச்சா, சில்லுன்னு இருந்துச்சா'ன்னு என்னியத்தான் கேக்கறாரு" என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். மாத்திரையாகவும் இருக்கலாம். உன் அப்பா கறிக்கடையிலிருந்து கொண்டுவந்து போட்ட எலும்பாகவும் இருக்கலாம். வயதாகவும் இருக்கலாம். பேதியில் துவண்டு கிடந்தவளை அன்றைக்கு எழுப்பி நிறுத்தியதும் அதே மாத்திரைதான், அதையும் மறந்துவிடாதே. நீ எதைக் கண்டுபிடித்தாலும் உள்ளது உள்ளபடி எழுது. மை இறங்கியிருந்தால் இறங்கியது என்று எழுது, இறங்காவிட்டால் இல்லை என்று எழுது. அதனால் வேறு எந்த ஊரிலோ ஒரு நாய் நாலு நாள் கூடுதலாக நிம்மதியாகச் சாப்பிட்டால் எனக்குச் சந்தோஷம்தான். உன் மேல் இருந்த கோபம் நேற்றோடு போய்விட்டது. இப்போது பயம்தான் இருக்கிறது. அவளைப் பார்க்காமலே நீ அவள் குடலைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, ஆயுசு முழுக்க அதற்குள்ளேயே உன்னைத் தேடிக்கொண்டிருப்பாயோ என்ற பயம். அவளுக்கு உன் மேல் ஒரு குறையும் இல்லையடா. நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அப்பா போட்டால், எழுந்து நிற்கத் தெம்பில்லாதவள் எழுந்து கேட் வரைக்கும் போய் நிற்கிறாள். அப்புறம் திரும்பி வர முடியாமல் அங்கேயே படுத்துக்கொள்கிறாள், நான் போய்த் தூக்கி வருகிறேன்.

அதனால் நீ கேட்டதைத் தருகிறேன். அப்பாவும் சரி என்றுவிட்டார். ஆனால் பார்சல் கிடையாது, உன் ஃப்ரெண்டு டாக்டரும் வேண்டாம். நீயே எடுத்துக்கொள். உயிர் போன கொஞ்ச நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று நீதானே சொன்னாய்? நாங்கள் போன் பண்ணி, நீ எழும்பூரில் ரயிலேறி, விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி வருவதற்குள் அந்த நேரம் போய்விடும். ஆகவே நீ முன்னாலேயே வந்து இருந்தாக வேண்டும். எப்போது போவாள் என்று கேட்காதே. மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டேன், அவர் மேலே கையைக் காட்டினார். நாளைக்கே போகலாம், ஆவணியைத் தாண்டலாம், என் பிடிவாதம் அவளுக்கும் இருந்தால் தீபாவளி வெடிச் சத்தத்தையும் கேட்டுவிட்டுத்தான் போவாள். லீவு தர மாட்டார்கள் என்று சொல்லாதே. ஆராய்ச்சிக்காகப் போகிறேன் என்று சொல், அதில் பொய் ஒன்றும் இல்லையே.

வந்து அவள் பக்கத்தில் பாயைப் போட்டுப் படு. கஞ்சியை உன் கையால் ஊட்டு, பாதி உள்ளே போகும், பாதி உன் சட்டையில் வழியும். சாப்பிட்டு முடித்ததும் உன் கையை நக்குவாள், விரல் விரலாக, நகக்கண் வரைக்கும் நக்குவாள். அதற்கப்புறமும் அந்தக் கையால் அவளை அறுக்க முடிந்தால் அறுத்துக்கொள், நான் பக்கத்தில் நின்று ஐஸ் பெட்டியைப் பிடிக்கிறேன். முடியவில்லை என்றால் அப்பாவோடு சேர்ந்து குழியை வெட்டு. எதைச் செய்தாய், ஏன் செய்தாய் என்று ஒரு நாளும் கேட்க மாட்டேன். எதுவானாலும் அவள் போகும்போது அவள் உடம்பு சூடாக இருந்ததா, சில்லிட்டிருந்ததா என்று நீ யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

உன் அம்மா